கிரேசி ஆடிய சனிக்கிழமை

கடலூரில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர்களுக்குக் கிரேசியின் முகம் தெரியாது, குரல் தெரியும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூச்ச நல்லா இழுங்க, புடிங்க, அசையாதீங்க" என்பாள். மெஷின் ஒருமுறை உறுமும். "விடலாம்" என்பாள். படித்து முடித்ததிலிருந்து ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் இதுதான் அவள் வேலை. அடுத்தவர்களை அசையாமல் நிற்கச் சொன்னால் சம்பளம் தருகிறார்கள், வீட்டில் அதையே எனக்கு இலவசமாகச் சொல்கிறார்கள் என்பாள்.

வீடு முதுநகரில். அப்பா லூர்துநாதன் மின்வாரியக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா ஆரோக்கிய ராணி பங்குக் கோயிலில் மரியாயின் சேனை என்ற ஜெபக்குழுவின் தலைவி. எதைக் கேட்டாலும் அப்பா வேண்டாம் என்பார். அதற்குப் பொருத்தமான புனிதர் யார் என்பதை அம்மா சொல்வார். இருவரும் கலந்து பேசிக்கொள்ளாமலே இது நடக்கும். வேலைக்குப் போவதற்கு மட்டும் இருவரும் சம்மதித்தார்கள், ஸ்கேன் சென்டர் வாசலில் ஒரு வேளாங்கண்ணி மாதா படம் மாட்டியிருந்ததால்.

கிரேசிக்கு ஆடப் பிடிக்கும். இதை அறிந்தவர்கள் குறைவு. நானே தற்செயலாகத்தான் பார்த்தேன். மணிக்கட்டில் அடிபட்டு எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தபோது, நோயாளிகள் யாரும் இல்லாத அறையில், கதிர் படாமல் இருக்கப் போடும் ஈயம் வைத்த கனமான அங்கியோடு ஆடிக்கொண்டிருந்தாள். போனில் பாட்டு மிக மெதுவாக ஓடியது. அந்த அங்கியை மாட்டிக்கொண்டு சாதாரணமாக நடப்பதே கஷ்டம். அவள் அதோடு சுற்றினாள். என்னைப் பார்த்ததும் நின்று, "கைய இப்படி வைங்க" என்றாள், முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல. அவளும் அறிவு என்கிற நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச்.

அவர்கள் சொந்தத்தில் கல்யாண வரவேற்பு என்றால் டிஜே உண்டு. ஆண்கள் ஆடுவார்கள். குடித்த ஆண்கள் ஜாஸ்தியாக ஆடுவார்கள். பெண்களுக்கு நாற்காலி போட்டிருக்கும். கை தட்டலாம். உட்கார்ந்த இடத்திலேயே தோளைக் கொஞ்சம் குலுக்கினால் தப்பில்லை. எழுந்துவிட்டால் அடுத்த ஞாயிறு பூசைவரை அதுதான் பேச்சு.

போன வருஷம் அவளுக்கு விருத்தாசலத்தில் மாப்பிள்ளை பார்த்து முடித்தார்கள். சகாய ஆனந்த், தனியார் வங்கியில் வேலை. நல்ல பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிச் சொல்லும்போது யாரும் அவனைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம், கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் ஜனவரிக்குத் தேதி குறித்தார்கள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் எங்க வேணா போ, என்னா வேணா ஆடு, ஆனந்து கூட்டிக்கினு போவாரு" என்று அம்மா சொன்னதை என்னிடம் வந்து சொன்னாள்.

"நல்லதுதானே" என்றேன்.

"அவரு கூட்டிக்கினு போனா அது அவரு குடுக்குற ஆட்டம்டி அறிவு. எனக்கு ஒரு சாயங்காலம் வேணும். யாரையும் கேக்காம, எழுந்து நின்னு ஆடணும். ஒரே ஒரு சாயங்காலம். அப்புறம் காலம்பூரா நாற்காலியில உக்காந்துக்கறேன்."

கல்யாணத்துக்கு முன்னால் மணப்பெண் தோழிகளோடு கொண்டாடும் பேச்சலரெட் பார்ட்டி என்று ஒன்று இருப்பதை அவள் இன்ஸ்டாகிராமில் பார்த்திருந்தாள். கோவா என்ற சொல்லை வீட்டில் உச்சரிக்கவே முடியாது. பக்கத்திலிருப்பது புதுச்சேரி. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கடலூரில் பாதி புதுச்சேரியில்தான் இருக்கும். அவள் பங்கின் பாடகர் குழு, மின்வாரியத் தொழிற்சங்கம், அவளுடைய இரண்டு மாமாக்கள், யாரைப் பார்க்காமல் அங்கே ஒரு பாருக்குள் நுழைவது? கடைசியில் சிதம்பரம் அகப்பட்டது. அங்கே ஒரு ஹோட்டலின் மொட்டைமாடியில் சனிக்கிழமைதோறும் டிஜே நைட், பெண்களுக்கு அனுமதி இலவசம் என்று விளம்பரம் வந்திருந்தது.

"நம்ம பங்குல ஒருத்தரும் சனிக்கெழம சாயங்காலம் சிதம்பரம் போக மாட்டாங்க" என்றாள். அதை மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் நான். நான் அதிகம் பேசாதவள் என்பதால் ஆரோக்கிய ராணி அம்மாவுக்கு என்மீது நம்பிக்கை உண்டு. பேசாத பெண்கள் எதையும் யோசிப்பதில்லை என்று அவர் நினைக்கிறார். நான் எம்.ஏ. வரலாறு படித்திருப்பது கூடுதல் வசதி. மாதமோ நவம்பர். கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் இறந்தோருக்கான மாதம். உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்திருக்கும் ஆன்மாக்களுக்காக வேண்டிக்கொண்டால் அவர்கள் சீக்கிரம் மோட்சம் போவார்கள். அதில் வேண்டியவர்களுக்கும் ஒரு பங்கு புண்ணியம்.

"அறிவு சண்ட நடந்த எடம், சுனாமி வந்த எடம்லாம் பாத்து எழுதணுமாம்மா" என்றாள் கிரேசி, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. "சனிக்கெழம போயிட்டு ஞாயித்துக்கெழம வந்துடுவோம். போற எடத்துலலாம் ஆத்துமாவுக்கு வேண்டிக்கலாம்."

அம்மா யோசித்தார். "எத்தன ஆத்துமா தேறும்?"

"ஆயிரக்கணக்குல."

"ராத்திரி எங்க தங்குவீங்க?" என்று அப்பா தினசரிக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

நாங்கள் ஏற்கெனவே மூன்று லாட்ஜுகளுக்குப் போன் செய்திருந்தோம். இரண்டு இடத்தில் "ஜென்ட்ஸ் யாருன்னா வராங்களா?" என்று கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் ஆதாரில் கடலூர் மாவட்டம் என்றதுமே, லோக்கல் ஆளுக்கு ரூம் கிடையாது என்று வைத்துவிட்டார்கள். தெரிந்த ஊர்க்காரர்கள்மேல் இந்த ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை. இதை அப்பாவிடம் சொல்ல முடியாது. அம்மாவே வழி செய்தார். சிதம்பரத்தில் கன்னியர் நடத்தும் பெண்கள் விடுதியில் சிஸ்டர் பிரிசில்லா அவருக்குத் தெரிந்தவர். ஒரே போனில் அறை கிடைத்தது. வாசல் கதவு ஒன்பது மணிக்குப் பூட்டப்படும்.

இப்படியாக, கன்னியர் மடத்தில் தங்கி இரவு வாழ்க்கையை அனுபவிக்க நாங்கள் கிளம்பினோம்.

சனிக்கிழமை காலை முதல் இடம் தேவனாம்பட்டினம், சுனாமி நினைவுத்தூண். ஒவ்வொரு இடத்திலும் மெழுகுத்திரி ஏற்றிப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. நவம்பர் மாதக் கடற்காற்றில் மெழுகுத்திரி எரியவில்லை. தூணின் நிழலில் ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. பையன் பெருந்தன்மையாகத் தன் லைட்டரைக் கொடுத்தான். கிரேசி தூணுக்கு முன்னால் முழந்தாளிட்டாள், நான் படம் எடுத்தேன்.

அம்மாவிடமிருந்து உடனே குரல் பதிவு வந்தது. "படம் வந்துச்சி. மூஞ்சில ஒரு துக்கமே இல்லியே. இன்னொன்னு எடு."

இரண்டாவது படத்துக்கு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது அங்கீகரிக்கப்பட்டது.

அடுத்தது கெடிலத்தின் கழிமுகத்தை ஒட்டியிருக்கும் செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டை என்று சொல்ல ஒரு மரியாதைக்காகச் சில சுவர்கள் நிற்கின்றன. அந்தச் சுவர்களின் மறைவில் இன்னும் சில ஜோடிகள். இறந்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் பையன்கள் வர மாட்டார்கள் என்று அம்மா நம்பியதில் இது இரண்டாவது அடி. கிரேசி வீட்டுக்குப் போன் போட்டாள்.

"இங்க செத்தவுங்க நெறைய வெள்ளக்காரங்கம்மா. பிராட்டஸ்டண்ட்டு. வேண்டிக்கலாமா?"

அம்மா உடனே தீர்ப்புச் சொன்னார். "அவுங்க உத்தரிக்கிற ஸ்தலமே இல்லன்றவங்க. நாம வேண்டி என்னா பிரயோஜனம். மெழுகுத்திரிய வீணாக்காத."

அந்த இடத்தில் நான் எனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொன்னேன். வெள்ளைக்காரர்கள் இந்தக் கோட்டையை வாங்கியபோது, இங்கிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை நிலமும் சேர்த்து என்று ஒப்பந்தம். இருப்பதிலேயே பெரிய பீரங்கியை எங்கிருந்தோ வரவழைத்துச் சுட்டார்களாம். குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்று அந்த ஊர்ப்பெயர்களில் இன்றும் குண்டு இருக்கிறது.

கிரேசி சுவரின்மேல் ஏறி நின்று வடக்கே பார்த்தாள். "எங்கப்பாவும் இதேதான். வாசல்ல நின்னு கூப்புட்டா அவரு கொரலு எங்க வரைக்கும் கேக்குதோ அதுவரைக்கும் நான் போலாம்."

"சிதம்பரம் வரைக்கும் கேக்காது."

"போன் இருக்குதே" என்று இறங்கினாள்.

அடுத்து சிதம்பரம் பஸ். வழியில் பி.முட்லூரில் இறங்கினோம். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் பெரிய சண்டை நடந்தது. எந்த வயலில் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. பஜ்ஜிக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"சண்டையா? எப்ப, நேத்தா?"

"ஆயிரத்து எழுநூத்து எண்பத்தொண்ணுல."

"நான் மூணு வருஷமாதான் கட வச்சிருக்கேன் பாப்பா" என்று வருத்தத்தோடு சொன்னார். தூறல் வேறு. எதிரே தண்ணீர் தேங்கிய ஒரு வயலைப் படமெடுத்து, போர்க்களம் என்று அனுப்பினோம். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. சேனையின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார். ஹைதர் அலியின் வீரர்களுக்கு மோட்சத்தில் இடமுண்டா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பல்வேறு மதத்தவர் என்று மட்டும் கிரேசி தெரிவித்திருந்தாள்.

விடுதியில் சிஸ்டர் பிரிசில்லா எங்களை வரவேற்றுக் கட்டில், போர்வை, ஜெபப்புத்தகம் கொடுத்தார். சாயங்காலம் கோயில் பக்கம் போய்வருகிறோம் என்றோம். "நடராஜர் கோயிலுக்கா? கட்டடக்கலைக்குப் பாக்கலாம், தப்பில்ல" என்றார்.

கிரேசி சுடிதார் பேண்டுக்கு மேலே மினுமினுக்கும் கருப்பு டாப் போட்டிருந்தாள். துப்பட்டாவைச் சிஸ்டரின் கண்ணிலிருந்து மறையும்வரை போர்த்தியிருந்து, தெருமுனை திரும்பியதும் என் பைக்குள் திணித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

மொட்டைமாடிக்குப் போனோம். வண்ண விளக்குகள் இருந்தன. ஒரு பெரிய ஸ்பீக்கர் இருந்தது. நடுவில் பலூன் வளைவும், அதற்குக் கீழே ராஜா வேஷம் போட்ட ஒரு வயதுக் குழந்தையும், அதைச் சுற்றி நாற்பது சொந்தக்காரர்களும் இருந்தார்கள். குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"டிஜே நைட்னு போட்டிருந்தீங்களே" என்றாள் கிரேசி.

"டிஜே அவர்தாங்க" என்று சர்வர் காட்டினார். ஓர் ஆள் போனை ஸ்பீக்கரில் இணைத்துவிட்டுப் பிரைடு ரைஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னிக்கு பர்த்டே புக்கிங் வந்துடுச்சி. ஓரமா உக்காருங்க, மாக்டெய்ல் குடிங்க. பாட்டு போடுவாரு."

"ஆடலாமா?"

சர்வர் எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "லேடீஸ் ஃப்ரீன்னு போட்டது கப்புளா வந்தாதான். அதுவும் ஆட வேணாம். கீழ் மாடி டாக்டர் கிளினிக். மேல குதிச்சா அவரு ஸ்டெதஸ்கோப்புல கேக்குதாம்."

நீல நிறத்தில் ஏதோ குடித்தோம். பல் தேய்க்கும் பேஸ்ட்டின் ருசி. பர்த்டே வீட்டுப் பெண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து கைதட்டினார்கள். அவள் அந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மடத்துக்குப் போயிடலாம்டி" என்றாள்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. குறுக்குவழி என்று ஒரு தெருவில் நுழைந்தபோது சத்தம் கேட்டது. பறை. இரண்டு மூன்று அல்ல, ஏழெட்டு. தெருமுனையில் சாமியானா, டியூப் லைட், நனைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், கண்ணீர் அஞ்சலி பேனர். பேனரில் கூலிங் கிளாஸ் போட்ட பெரியவர் ஒருவர், பெயர் சின்னையன், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறு வயதைத் தாண்டியவர் என்பதால் அழுகைக்கு அவ்வளவு அவசரமில்லை. அடக்கம் மறுநாள். அதுவரை மேளம்.

கிரேசி நின்றுவிட்டாள். அவளைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்க அவசியமே இல்லை, கழுத்திலேயே தாளம் வந்துவிட்டது.

"யாரு ஊடோ தெரியாது, வா" என்றேன்.

"எழவு ஊட்டுக்குத் தெரிஞ்சவங்கதான் வரணும்னு இருக்குதா?"

அதுவும் சரிதான். மண்டபத்துக்குப் பத்திரிகை வேண்டும், லாட்ஜுக்கு வெளியூர் ஆதார் வேண்டும், மொட்டைமாடிக்கு ஜோடி வேண்டும். சாவு வீட்டுக்குள் போகச் செருப்பைக் கழற்றினால் போதும். யார் நீ என்று இந்தப் பக்கத்தில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். துப்பட்டாவை வாங்கிப் போர்த்திக்கொண்டு அவள் போய்விட்டாள், நான் பின்னால் போனேன்.

ஆனால் பெண்கள் சாவு வீட்டில் நுழைந்தால் சும்மா நிற்க முடியாது. கண்ணாடிப் பெட்டியருகே தலைவிரித்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், பெரியவரின் மகள் முத்தம்மாள் என்று பிறகு தெரிந்தது, எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டிக் கிரேசியைக் கட்டிக்கொண்டார். "வந்தியாடி எங்கண்ணு, நீ வருவ வருவன்னு வாசலையே பாத்துக்கினு கெடந்தாரேடி" என்று அழுதார். யாரென்று தெரியாத பெண்ணிடமும் சொல்லக்கூடிய வரிதான். பதிலுக்குக் கிரேசியும் ஒரு வரி சொல்லி அழ வேண்டும். கிரேசி வாயைத் திறந்தாள். அவளுக்கு வந்தது ஒன்றுதான்.

"மூச்ச நல்லா இழுங்க" என்றாள். "மெதுவா விடுங்க அத்த."

முத்தம்மாள் அழுகையை நிறுத்தினார். கையை எடுக்காமலே தலையை மட்டும் பின்னால் இழுத்துப் பார்த்தார்.

"இந்தக் கொரலு எனக்குத் தெரியும்."

கிரேசி விறைத்துப் போனாள்.

"அப்பா கடலூருல தம்பி ஊட்டுல இருக்கச்சொல்ல நெஞ்சுல போட்டோ புடிச்சாங்க. புடி புடின்னு உள்ளேர்ந்து இதே கொரலு. நீ அந்த எக்ஸ்ரே பொண்ணுதானே?"

"ஆமாங்க."

முத்தம்மாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்துக்கோங்க. நெஞ்சுல போட்டோ புடிச்ச பொண்ணு கடலூருலேந்து வந்துருக்குது. நெய்வேலியில இருக்குற பெரிய மாப்ள இன்னும் வரல."

அந்தக் கணத்திலிருந்து நாங்கள் முக்கியமான துக்கக்காரர்கள் ஆனோம். நாற்காலி வந்தது, டீ வந்தது. பெரிய மாப்பிள்ளையின் பக்கத்து ஆட்கள் எங்களைக் கோபமாகப் பார்த்தார்கள்.

வெளியே அடி வேகமெடுத்தது. முத்தம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தார். "எங்கப்பா இருந்தா இந்த அடிக்கு உக்காந்துக்கினு இருப்பாரா" என்று கேட்டபடி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். அறுபது வயதுக்காரி, ஆண்களுக்கு நடுவே போய் ஆடினார். யாரும் தடுக்கவில்லை. செத்தவரின் மகளைத் தடுக்க அங்கே யாருக்கு உரிமை? இரண்டு சுற்று ஆடிவிட்டு, நாற்காலியில் இருந்த கிரேசியைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"இன்னா பாத்துக்கினு உக்காந்துருக்க? எங்கப்பாவுக்கு ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போ."

கிரேசி டீ டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

எக்ஸ்ரே அறையில் நான் பார்த்தது ஈய அங்கியோடு ஆடிய ஆட்டம். இப்போது அங்கி இல்லை. முதலில் அடியைக் காலில் வாங்கிக்கொண்டு மட்டும் நின்றாள். பிறகு இடுப்புக்கு ஏறியது, தோளுக்கு ஏறியது. பறை அடித்தவர்களில் ஒருவர் அவளுக்கு எதிரே வந்து குனிந்து அடிக்க, அவளும் குனிந்து, அடிக்கு அடி வைத்துப் பின்னால் போனாள். அவர் அடியை மாற்றினார். அவளும் மாற்றினாள். யாரிடம் கற்றாள் என்று எனக்கு விளங்கவில்லை. சேறு முழங்கால்வரை தெறித்தது. துப்பட்டா எங்கேயோ போய்விட்டது, கருப்பு டாப் டியூப் லைட்டில் மினுமினுத்தது. தெருவில் விசில். ஒரே ஒரு முறை என் பக்கம் திரும்பினாள். அவள் சிரிக்கவில்லை. ஆரோக்கிய ராணி அம்மா காலையில் கேட்ட முகத்தைவிட அது தீவிரமாக இருந்தது.

ஓர் ஆள் தலைக்குமேல் போனைப் பிடித்தபடி கூட்டத்தைச் சுற்றி வந்ததை நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

ஒன்பதுக்குள் மடத்துக்குப் போய்விட்டோம். அவள் காலைப் பார்த்த சிஸ்டர், "கோயில்ல அவ்ளோ சேறா?" என்றார்.

சிதம்பரத்தில் ஏறிய வீடியோ ஞாயிறு பூசை முடிவதற்குள் கடலூரிலும் விருத்தாசலத்திலும் இறங்கிவிட்டது. 'எக்ஸ்ரே பொண்ணு வெறித்தனம்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். சம்பந்தி அம்மா போன் செய்து, "உங்க பொண்ணு எழவு ஊட்டுல ஆடுதே, அதுக்குத் தனியா கூலி உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது ஆரோக்கிய ராணி அம்மா ஜெபமாலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஆத்துமாவுக்கு வேண்டிக்கச் சொல்லி அனுப்புனா நீ என்னா பண்ணிட்டு வந்திருக்க?"

"நீங்க சொன்னததான்மா செஞ்சேன்" என்றாள் கிரேசி. "எரநூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவுங்க எங்க இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்? இவரு நேத்துதான் செத்தாரு. ஆத்துமா ஊட்டுலயே இருந்துச்சி. நேராப் போய்ப் பாத்துட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல ஒன்றும் யோசிக்காதவளாக நின்றேன்.

அப்பா நாற்காலியில் சாய்ந்து வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். "பப்புக்குப் போயிருந்தாகூட மன்னிச்சிருப்பேன்" என்றார். "அது படிச்சவுங்க பண்ற தப்பு. இந்த அடிய விட்டு வெளிய வர எங்கப்பாவுக்கு ஒரு ஆயுசு, எனக்கு ஒரு ஆயுசு ஆச்சி. நம்ம ஊட்டுச் சாவுக்கு பேண்டு செட்டு வக்கிறோம், கீபோர்டு வக்கிறோம். நீ போய் அடுத்தவன் ஊட்டு வாசல்ல அத ஆடிட்டு வர."

இது அவர் சொன்னது. வீடியோவில் பறை ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வலதுகால் கட்டைவிரல் தரையில் அடி தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தது. கிரேசியும் அதைப் பார்த்தாள். யாரிடம் கற்றாள் என்ற கேள்வி எனக்கு அதோடு தீர்ந்தது. இரண்டு தலைமுறையாக விட்டுவிட்டோம் என்று சொல்லப்பட்டது, அந்தக் கட்டைவிரலுக்கு மட்டும் தெரிவிக்கப்படவில்லை போலும்.

கல்யாணம் நிற்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சிலர் ஆவலோடு எதிர்பார்த்தார்கள். சகாய ஆனந்த் அன்று சாயங்காலம் கிரேசிக்குப் போன் செய்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன், நீ டென்ஷன் ஆகாத" என்றான். "ஆடறது ஒன்னும் தப்பில்ல. நான் அந்த மாதிரி ஆளு கெடையாது. எடம்னு ஒன்னு இருக்குல்ல. நம்ம ரிசப்ஷனுக்கு சென்னையிலேந்து டிஜே புக் பண்ணிடறேன். கோரியோகிராஃபர் வருவாங்க, ஸ்டெப் சொல்லிக் குடுப்பாங்க. நானே பர்மிஷன் குடுக்கறேன், நீ ஆடு. போதுமா?"

"தாங்க்ஸ்" என்றாள் கிரேசி. நல்ல பையன்தான்.

அந்த ஏற்பாடு நாளாக ஆக வளர்ந்தது. சம்பந்தி அம்மா தன் மகன் எவ்வளவு முன்னேற்றமானவன் என்று ஊரெல்லாம் சொன்னார். புகைப்படக்காரர், மணப்பெண் ஆடிக்கொண்டே வந்தால் ரீல்ஸ் நன்றாகப் போகும் என்றார். வீடியோவை வைத்து அவளைத் திட்டிய அத்தைகளே, "அன்னிக்கு ஒரு ஸ்டெப் போட்டியே, அதயே போடு" என்று கேட்டார்கள். ஆரோக்கிய ராணி அம்மா தாவீது அரசர் ஆண்டவர் முன்னால் ஆடியதாக வேதாகமத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்பா டிஜேவுக்குத் தன் பங்கைக் கொடுத்தார்.

ஜனவரியில் கல்யாணம் நடந்தது. வரவேற்பு, முதுநகர் பக்கம் ஒரு பெரிய மண்டபம். சென்னை டிஜே மைக்கில் ஆங்கிலம் பேசினார். புகை வந்தது, நெருப்புப் பொறி வந்தது. சகாய ஆனந்த் கோட்டு சூட்டோடு, கற்றுக்கொடுத்தபடி நான்கு ஸ்டெப் போட்டு, நான்காவதில் மூச்சு வாங்கினான். பெண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

"நவ், த பிரைட்" என்றார் டிஜே. எல்லோருடைய போனும் தூக்கப்பட்டது.

கிரேசி வெள்ளை கவுனில் மேடை நடுவே நின்றாள். பாட்டு ஓடியது. நின்றுகொண்டே இருந்தாள். கையைக்கூட அசைக்கவில்லை, மூச்சைப் பிடித்திருப்பதுபோல. டிஜே பாட்டை முதலிலிருந்து போட்டார். கோரியோகிராஃபர் மேடைக்குக் கீழிருந்து ஸ்டெப்பைச் செய்து காட்டினாள். "வெக்கப்படுது பொண்ணு" என்று யாரோ காரணம் கண்டுபிடித்ததும் மண்டபமே நிம்மதியாகச் சிரித்தது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சகாய ஆனந்த் மட்டும் அவள் காதருகே குனிந்து ஏதோ கெஞ்சினான்.

அந்த நேரத்தில் எவர்சில்வர் குடத்தை இடுப்பில் வைத்தபடி முத்தம்மாள் மேடை ஏறி வந்தார். கிரேசிதான் போனில் அழைத்திருந்தாள். தன் வீட்டுச் சாவுக்கு வந்தவளின் நல்லதுக்குப் போகாமல் இருக்க முடியாது என்று சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். குடத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கிரேசியை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாடி இது, எங்கூட்டு வாசல்ல அந்தக் குதி குதிச்ச. ஓங்கூட்டுக் கல்யாணத்துல கல்லு மாரி நிக்கிற?"

கிரேசி அதைக் கேட்டுத்தான் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

"இங்க எல்லாரும் பர்மிஷன் குடுத்துட்டாங்க அத்த" என்றாள். "அதான் கால் வரல."

முத்தம்மாளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. "பாட்டும் அப்படி ஒன்னும் நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்கு வழி கேட்டார். டிஜே மாப்பிள்ளையை மறுபடி கூப்பிட்டார். கிரேசி குடத்தை என்னிடம் தள்ளிவிட்டு, மேடையில் அவளுக்குப் போட்டிருந்த சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கவுனுக்குக் கீழே அவள் கால் அசைகிறதா என்று நான் பார்த்தேன். அசையவில்லை.